அருவியின் அளவைக் குளம்தான் சொல்ல வேண்டும்

வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம் மிஞ்சியிருக்கிறது, அதில் ஒரு குளம் வெட்டி மேலிருந்து அருவி விழச் செய்யலாம் என்று ஆசைப்படுகிறவர்களின் கண்ணில் முதலில் நிற்பது அருவிதான். ஆளுயரத்துக்கு அடுக்கிய பாறைகள், உச்சியிலிருந்து வெள்ளைத் திரையாக இறங்கும் தண்ணீர், அதன் ஓசை. குளம் என்பது அந்தத் தண்ணீரை ஏந்திக்கொள்ள அடியில் இருக்கும் ஒரு தொட்டி, அவ்வளவே. கொத்தனாரிடம் காட்டும் படமும் அப்படித்தான் இருக்கும். கையிலிருக்கும் பணத்தில் பெரும்பங்கு கல்லுக்கும் பாறை போலச் செய்யும் சிமெண்ட் வேலைக்கும் போய்விடும், குழிக்கு மிஞ்சியது கொஞ்சமாக இருக்கும். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது. முதல் குளம் கட்டுகிறவர் குளத்தை ஆசைப்பட்டதைவிடப் பெரிதாகவும், அருவியை ஆசைப்பட்டதைவிடச் சிறிதாகவும் கட்ட வேண்டும். ரசனையை வைத்து இதைச் சொல்லவில்லை. தண்ணீரின் சூடு, அதில் கரையும் ஆக்சிஜன், மீன் வெளியேற்றும் அம்மோனியா, பம்பின் திறன், மின் கட்டணம் என்று எந்தப் பக்கமிருந்து கணக்குப் போட்டாலும் வந்து சேரும் இடம் இதுதான்.

நம் ஊர் வெயிலிலிருந்தே தொடங்கலாம். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைகிறது, 35 டிகிரியில் ஏழுக்கும் சற்றுக் கீழே போகிறது. தண்ணீர் சூடாகச் சூடாக மீனின் உடல் இயக்கமும் வேகமாகிறது, அதற்கு வேண்டிய ஆக்சிஜனும் கூடுகிறது. கையிருப்பு குறையும் அதே நேரத்தில் தேவை ஏறுவதால்தான் சித்திரை, வைகாசியில் சின்னத் தொட்டிகளில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. அடுத்தது அம்மோனியா. மீன் அதைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியேற்றுகிறது, தின்னாமல் மிஞ்சிய தீவனமும் அழுகி அதையே தருகிறது. ஒரு வகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். முதல் இரண்டும் நஞ்சு. நைட்ரேட் செடிகளுக்கு உரம். ஆனால் அந்தப் பாக்டீரியாக்கள் போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீனைக் காப்பாற்றுவது தண்ணீரின் அளவு மட்டுமே. அதே மீன், அதே தீவனம், பத்து மடங்கு தண்ணீர் என்றால் அம்மோனியாவின் செறிவு பத்தில் ஒரு பங்கு. 500 லிட்டர் தொட்டியில் ஒரு நாளில் கைமீறும் சிக்கல், 4000 லிட்டர் குளத்தில் ஒரு வாரம் அவகாசம் கொடுக்கும். அனுபவம் உள்ளவர் சின்னக் குளத்தையும் சமாளித்துவிடுவார். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அந்த அவகாசம் தேவை, அதைப் பெரிய குளத்தால்தான் தர முடியும்.

அருவிக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது, அது அலங்காரத்துக்கும் முந்தியது. விழும் தண்ணீர் காற்றோடு கலந்து ஆக்சிஜனை ஏற்றிக்கொள்கிறது, கரியமில வாயுவை விட்டுவிடுகிறது. அருவியின் தலைமாட்டில் ஒரு வடிகட்டித் தொட்டியை வைத்து, அதில் முரட்டு ஜல்லியோ நைலான் வலைச் சுருளோ நிரப்பிவிட்டால், மேலே சொன்ன பாக்டீரியாக்களுக்கு அதுதான் வீடு. அழுக்குத் தண்ணீர் அந்தத் தொட்டியின் அடியில் நுழைந்து, மேலே ஏறி வழிந்து, அதன் விளிம்பே அருவியாகிறது. ஆக, அருவி என்பது குளத்தின் வடிகட்டி வாய். எவ்வளவு தண்ணீரை வடிகட்ட வேண்டும் என்பதைக் குளத்தின் கொள்ளளவு சொல்லும். அதிலிருந்து பம்பின் அளவு வரும். பம்பிலிருந்து அருவியின் அகலமும் உயரமும் வரும். இந்தச் சங்கிலியை எதிர்த்திசையில் இழுத்தால் எல்லாமே தப்பும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 75 சென்டிமீட்டர் ஆழம் கொண்ட குளம். நேராகப் பெருக்கினால் 4500 லிட்டர். கரைச் சரிவும் செடி வைக்கும் படியும் போக ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 3600 லிட்டர் மிஞ்சும். சில மீன்கள் உள்ள குளத்தில், முழுத் தண்ணீரும் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றி வந்தால் போதும். எனவே மேலே போய்ச் சேர வேண்டியது மணிக்கு 2000 முதல் 3500 லிட்டர். விளிம்பில் தண்ணீர் அறுந்து சொட்டாமல் மெல்லிய திரையாக விழ, ஒவ்வொரு சென்டிமீட்டர் அகலத்துக்கும் மணிக்குச் சுமார் 150 லிட்டர் வேண்டும் என்பது இந்தத் தொழிலில் உள்ள தோராயக் கணக்கு. மணிக்கு 3000 லிட்டர் என்றால் அருவி 20 சென்டிமீட்டர் அகலம், நீட்டி விரித்த ஒரு சாண். படத்தில் பார்த்த 60 சென்டிமீட்டர் திரை வேண்டும் என்றால் மணிக்கு 9000 லிட்டர் தேவை. அந்தக் குளத்தில் மீன் நாள் முழுக்க நீரோட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், அடியில் படிந்த மண் ஓயாமல் கலங்கும்.

உயரத்தின் கதையும் இதேதான். பம்பின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கு, தண்ணீரை மேலே ஏற்றாமல் அப்படியே தள்ளும்போது கிடைப்பது. அதில் குறித்திருக்கும் உச்ச உயரம் என்பது தண்ணீர் ஏறி நின்றுவிடும் இடம், அங்கே ஒரு சொட்டும் வெளியே வராது. உச்ச உயரம் 3 மீட்டர் உள்ள பம்ப், ஒன்றரை மீட்டரில் ஏறக்குறைய பாதியைத்தான் கொடுக்கும். குழாயின் உராய்வும் முழங்கை இணைப்புகளும் அதிலிருந்து இன்னும் கொஞ்சத்தைக் கழித்துவிடும். அதனால்தான் மணிக்கு 3000 லிட்டர் ஓடும் வழிக்கு ஓரங்குலக் குழாயைவிட ஒன்றரை அங்குலக் குழாய் நல்லது. குழாயில் கூடுதலாகப் போடும் சில நூறு ரூபாய் மாதாமாதம் மின்சாரத்தில் திரும்பி வரும். அருவியை இடுப்பளவுக்கும் கீழே, 50 அல்லது 60 சென்டிமீட்டரில் நிறுத்தினால் 80 வாட் அளவிலான பம்பே இந்தக் குளத்துக்குப் போதும். அந்த 80 வாட்டும் இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்துக்கு 115 யூனிட் ஆகிறது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதை வைத்துப் பார்த்தால், இந்தச் சிறிய அருவி ஒன்றே அந்தச் சலுகை முழுவதையும் தின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்கும். ஆளுயர அருவிக்கு வேண்டிய பம்ப் 250, 300 வாட் கேட்கும் என்றால் கட்டணம் எங்கே போய் நிற்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கட்டணத்தைப் பார்த்துப் பயந்தவர்கள் செய்வது இரவில் பம்பை அணைப்பது. இதைவிடத் தவறான நேரம் வேறில்லை. பகலில் வேலம்பாசி போன்ற நீர்ச்செடிகளும் பாசியும் ஆக்சிஜனை விடுகின்றன. இருட்டியதும் அவையும் மீனைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளத் தொடங்குகின்றன. குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது விடியலுக்குச் சற்று முன்புதான். அருவி கட்டாயம் ஓட வேண்டிய நேரம் அது. வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்களும் ஆக்சிஜன் சுமந்த நீரோட்டத்தை நம்பியே இருக்கின்றன. பல மணி நேரம் ஓட்டம் நின்றால் அவை சாகத் தொடங்கும். மாலையில் விருந்தினர் வரும்போது மட்டும் ஓடும் பிரம்மாண்டமான அருவியைவிட, இருபத்து நான்கு மணி நேரமும் ஓட விடும் செலவுக்குள் அடங்கிய ஒரு சாண் அருவி குளத்துக்கு எத்தனையோ மடங்கு பயன் தரும். சின்ன அருவியை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு முதல் காரணம் இதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு, பலர் கட்டி முடித்த பிறகே அதைக் கவனிக்கிறார்கள். பம்ப் ஓடும்போது ஓடையிலும் படிகளிலும் நிற்கும் தண்ணீர் குளத்திலிருந்து எடுத்ததுதான். 3 மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் கொண்ட ஓடையில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அது 75 லிட்டர். 6 சதுர மீட்டர் குளத்தில் அதை எடுத்தால் மட்டம் ஒன்றேகால் சென்டிமீட்டர் இறங்கும், கண்ணுக்கே தெரியாது. ஒன்றரைச் சதுர மீட்டர் குளத்தில் 5 சென்டிமீட்டர் இறங்கும்; கரையில் விரிப்பு பல்லிளிக்கும், படியில் வைத்த செடித்தொட்டி வெளியே தெரியும். இறங்கிய மட்டத்தைச் சரிக்கட்ட மேலும் தண்ணீர் விட்டிருந்தால், மின்சாரம் போனதும் அத்தனையும் ஒரே நேரத்தில் கீழே வந்து குளம் வழியும். கசிவும் அப்படித்தான். தோட்டக் குளங்களில் தண்ணீர் காணாமல் போகிறது என்றால் பெரும்பாலும் அது குழியிலிருந்து போவதில்லை. அருவியின் தெறிப்பிலும், ஓடையின் ஓரத்தில் மடிந்து தாழ்ந்த விரிப்பிலும்தான் போகிறது. மீன் விடும் முன்பே பம்பை ஒரு நாள் நிறுத்தி வைத்துப் பாருங்கள்: மட்டம் அப்படியே நின்றால் குற்றம் மேலே இருக்கிறது. அருவி உயரமாகவும் ஓடை நீளமாகவும் ஆக, தண்ணீர் தப்பிப் போகும் வழிகளும் கூடிக்கொண்டே போகும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, ஒரு சாண் அருவியில் என்ன அழகு இருக்கப் போகிறது என்பது. நியாயமான கேள்வி. ஆனால் குற்றாலத்தில் ஐந்தருவியைப் பார்த்தவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம்: தண்ணீருக்குப் பின்னாலும் பக்கத்திலும் தண்ணீரைவிடப் பல மடங்கு பாறை நிற்கிறது. வெட்டவெளியில் தனியாக நிற்கும் ஒரு குவியலின் உச்சியிலிருந்து இயற்கையில் தண்ணீர் விழுவதில்லை. மலை மேலே தொடர்கிறது, தண்ணீர் அதன் மடிப்பில் வழி கண்டு இறங்குகிறது. வீட்டுத் தோட்ட அருவிகள் செயற்கையாகத் தெரிவதற்குக் காரணம் அவை சிறியதாக இருப்பது அல்ல, கற்குவியலின் முனையிலிருந்து பீறிடுவதுதான். குழி தோண்டிய மண்ணையே குளத்தின் ஒரு பக்கம் அகலமாக, தாழ்வாகப் பரப்பி, அதில் பெரிய கற்களை மூன்றில் ஒரு பங்கு புதைத்து, தண்ணீர் விழும் இடத்துக்கு இருபுறமும் அதைவிட உயரமான கல்லை நிறுத்தி, பின்னால் செடிகளை வைத்தால், 50 சென்டிமீட்டர் அருவி ஒரு சரிவிலிருந்து இறங்குவதாகவே தோன்றும். ஜப்பானில் பதினோராம் நூற்றாண்டில் எழுதப்பட்ட தோட்டக் கலை நூலான சகுதெய்கியில் அருவி அமைப்பதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அருவியில் கல் வேலைதான் முக்கியம் என்ற எண்ணம் அவ்வளவு பழையது. ஓசைக்கும் உயரம் தேவையில்லை. தண்ணீர் கல்லின் முகத்தை ஒட்டி வழிந்தால் ஓசையே வராது. விளிம்புக் கல்லை ஓரிரு அங்குலம் முன்னால் நீட்டி, தண்ணீர் காற்றில் விடுபட்டு ஆழமான இடத்தில் விழும்படி செய்தால் நல்ல கனமான ஓசை கிடைக்கும். படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே, அல்லது பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி அமைக்கிறவர்கள் இரவு முழுக்க அந்த ஓசையோடு வாழ வேண்டியவர் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். அங்கும் சின்ன அருவியே உறவைக் காப்பாற்றும்.

பெரிய குளம் என்றால் செலவு கூடுமே என்பது அடுத்த மறுப்பு. கூடும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. விரிப்பின் நீளத்தைக் கணக்கிட, குளத்தின் நீளத்தோடு ஆழத்தை இரண்டு மடங்காகக் கூட்டி, இரு கரையிலும் மடிக்க 30 சென்டிமீட்டர் வீதம் சேர்க்க வேண்டும். அகலத்துக்கும் இப்படியே. மேலே சொன்ன குளத்துக்கு 5.1க்கு 4.1 மீட்டர், ஏறக்குறைய 21 சதுர மீட்டர் விரிப்பு. நீளத்தையும் அகலத்தையும் பாதியாக்கினால் தண்ணீர் கால்வாசியாகிவிடுகிறது. விரிப்பு மட்டும் 11 சதுர மீட்டருக்கு மேல் கேட்கிறது, பாதிக்கும் அதிகம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆகும் செலவு சின்னக் குளத்தில்தான் அதிகம். பண்ணைக் குட்டைக்கு விரிக்கும் 500 மைக்ரான் எச்டிபிஇ விரிப்பு எளிதாகக் கிடைக்கிறது, ஆனால் அது விறைப்பாக இருப்பதால் வளைவுகளில் மடிப்பு விழும். வளைந்து கொடுக்கும் இபிடிஎம் ரப்பர் விரிப்பு விலை கூடினாலும் பல ஆண்டு நிற்கும். சாதாரண நீலத் தார்ப்பாய் வெயிலில் நைந்துவிடும். எதை விரித்தாலும் அடியில் சலித்த மணலும் தடித்த துணியும் போட வேண்டும். சிமெண்ட் தொட்டியே கட்டிவிடலாமே என்று கொத்தனார் சொல்வார். கட்டலாம்தான். ஆனால் புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும், காரம் ஏறிய தண்ணீரில் அம்மோனியாவின் நஞ்சும் கூடும். பல முறை நிரப்பி, இறைத்து, ஊறவைத்த பிறகே மீன் விடலாம். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணில் நிலம் கோடையில் சுருங்கி மழையில் உப்பும்போது கம்பி கட்டாத தொட்டி விரிசல் விடும். வளைந்து கொடுக்கும் விரிப்பு அந்த அசைவைத் தாங்கிக்கொள்ளும்.

தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரில் குளம் தேவையா என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். 2019 கோடையில் சென்னை லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றதைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. கோடையில் திறந்த நீர்ப்பரப்பு நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், 6 சதுர மீட்டர் குளம் 36 லிட்டரை இழக்கும். தாழ்வான அருவியின் தெறிப்பையும் சேர்த்தால் ஐம்பதைத் தொடலாம். அதே இடத்தில் பச்சைப் புல்தரை வளர்த்து அதை வாடாமல் வைத்திருக்க ஆகும் தண்ணீரோடு இது பெரிதாக வேறுபடாது. அல்லி இலைகள் நீர்ப்பரப்பில் பாதியை மூடினால் தண்ணீர் சூடேறுவதும் குறையும், பாசிக்கு வெயிலும் கிடைக்காது. வாரம் ஒருமுறை குளத்திலிருந்து சில குடம் இறைத்து வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றினால், நைட்ரேட் நிறைந்த அந்தத் தண்ணீர் உரமாகவே போய்ச் சேரும், ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பும் குளத்தில் ஏறிக்கொண்டே போகாது. 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக இருக்கும் மாநிலம் இது. மொட்டைமாடிக் குழாயில் ஒரு கிளையைக் குளத்துக்குத் திருப்பலாம். அப்படியும் வெயிற்காலத்தில் குடிக்கவே தண்ணீர் வாங்கும் தெருவில் இருப்பவர் குளம் வெட்ட வேண்டாம் என்பதே என் கருத்து.

கொசு வரும் என்ற பயத்துக்குப் பதில் சொல்வது எளிது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவது பூந்தொட்டித் தட்டு, டயர், திறந்த வாளி போன்ற மீனில்லாத சின்னத் தேக்கங்களை. முட்டை கொசுவாகப் பறக்க நம் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள் ஆகும். மீன் உள்ள குளத்தில் புழுவுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. ஆபத்து இருப்பது பெரிய கற்குவியல் அருவிகளில்தான்: பம்ப் நின்றதும் பாறை இடுக்குகளில் தேங்கும் கையளவுத் தண்ணீருக்கு மீன் எட்டாது. கம்பூசியா மீனை விடச் சொல்வார்கள். அது வெளியே தப்பினால் நாட்டு மீன்களையும் தவளைக் குஞ்சுகளையும் அழித்துவிடும். தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன நீர்ப்பரப்பை ஒட்டியே திரியும் அப்லோகைலஸ் என்ற சின்ன நாட்டு மீன் நம் வாய்க்கால்களிலேயே இருக்கிறது. கொசுப்புழு அதன் தீனி.

நடை பழகும் குழந்தை உள்ள வீட்டுக்கு மட்டும் என் வாதத்தை நானே விட்டுக்கொடுக்கிறேன். சில அங்குலத் தண்ணீரிலும் குழந்தை மூழ்கும். பெரிய குளம் அங்கே கூடாது. அந்த வீட்டில் குழியை ஜல்லியும் கூழாங்கல்லும் போட்டு இரும்புக் கிராதியால் மூடி, அடியில் தண்ணீர்த் தொட்டியை மறைத்து, அருவியை மட்டும் ஓட விடலாம். குழந்தை வளர்ந்த பிறகு கிராதியை எடுத்துக் குளமாக்கிக்கொள்ளலாம். யாருடைய வீடானாலும் பம்புக்குப் போகும் மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுக் காப்பான் இருந்தே ஆக வேண்டும், இதில் பேரமே கிடையாது.

மழையையும் முன்கூட்டியே நினைக்க வேண்டும். நம் ஏரிகளைக் கட்டியவர்கள் தண்ணீர் வரும் வழியோடு கலிங்கையும் சேர்த்தே திட்டமிட்டார்கள். மிஞ்சிய தண்ணீர் எங்கே போகும் என்று தெரியாமல் கரை எழுப்பவில்லை. 2015 டிசம்பர் மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 49 சென்டிமீட்டர் பெய்தது. அந்த மழை நேராக விழுந்தாலே 6 சதுர மீட்டர் குளத்தில் 2900 லிட்டருக்கு மேல் சேரும். கரையின் ஓரிடத்தை மட்டும் மூன்று சென்டிமீட்டர் தாழ்த்தி, அங்கிருந்து ஒரு குழாயை நீர்செறிவுக் குழிக்குக் கொண்டுபோனால் போதும். மீன் தப்பாமல் வலை கட்டுங்கள். மற்ற கரை முழுவதும் லெவல் டியூப் வைத்து ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் எந்தப் பிசகையும் மறைக்காது. பள்ளமான மூலையில் குளத்தை வைத்தால் தோட்டத்து மண்ணும் உரமும் அதில் வந்து சேரும், ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் ஏறும்போது விரிப்பையே கீழிருந்து தூக்கிவிடும்.

வேலையின் வரிசையும் இதிலிருந்தே வருகிறது. முதலில் குழி, விரிப்பு, தண்ணீர். குழாய்த் தண்ணீர் என்றால் அதன் குளோரின் போக இரண்டு நாள் விட வேண்டும். பிறகு பம்பும் வடிகட்டியும், பிறகு செடிகள். அல்லிக்குத் தெறிப்பு ஆகாது, அதை அருவிக்கு எட்ட வையுங்கள். ஆறு வாரம் கழித்து நான்கைந்து மீன். சென்னை கொளத்தூர் வண்ண மீன் சந்தையில் கண்ணைப் பறிக்கும் கோய் மீன்கள் முதல் குளத்துக்கு வேண்டாம், அவை அடிக்கணக்கில் வளரும். அருவியின் கற்களை மட்டும் இந்த ஆறு வாரமும் சிமெண்ட் வைக்காமல் சும்மா அடுக்கி வைத்திருங்கள். பம்ப் உண்மையில் எவ்வளவு தருகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் தெறிக்கிறது, இரவில் ஓசை எப்படிக் கேட்கிறது என்றெல்லாம் பார்த்து, விளிம்புக் கல்லை அரை அங்குலம் முன்னும் பின்னும் நகர்த்தி, மட்டம் இறங்காமல் நிற்கிறது என்று உறுதியான பிறகு கொத்தனாரைக் கூப்பிடலாம்.